எனக்கு வைத்த பெயர்

எபிரேய மொழியில் மூக்குக்கும் கோபத்துக்கும் ஒரே சொல்தான் என்று ஃபாதர் சொன்னபோது, வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. ‘ஆஃப்’ என்றால் மூக்கு. ‘ஆஃப்’ என்றாலே கோபமும். பாலக்கரையில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால், சனிக்கிழமை மாலைகளில் நடக்கிற விவிலிய வகுப்பு அது. ஒன்பது பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஃபேன் ஓடவில்லை என்று போன வாரம் நான் கத்தியதைக் கேட்டவர்கள்.

பொறுமைசாலியை அந்த மொழியில் நீண்ட மூக்குக்காரன் என்பார்களாம். முன்கோபி குட்டை மூக்குக்காரன். “நாமளும் மூக்குக்கு மேல கோபம்னுதானே சொல்றோம்” என்றார் ஃபாதர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கோ பாலைவனத்தில் ஆடு மேய்த்தவர்களுக்கு என் மூக்கைப் பற்றி எப்படித் தெரிந்தது?

அந்த மூக்கால் நான் இழந்தது என் ஒரே மகளை. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பையனைத்தான் கட்டுவேன் என்றாள். அதற்கே பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தவன் நான். பேத்திக்குப் பெயர் வைக்கும் அன்று சம்பந்தி வீட்டில் தாம்பாளத்து அரிசியைப் பரப்பி, மோதிரத்தால் பெயரை எழுதினார்கள். என் அம்மாவின் பெயரைச் சேர்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்த ஆசையை யாரிடமும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். “என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று எழுந்து நின்று கத்தினேன். கைக்குழந்தையோடு நின்ற மகளைப் பார்த்து, “இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத” என்றேன். ஆட்டோ காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை என் மனைவி அழுதுகொண்டே வந்தாள்.

மகள் போட்ஸ்வானாவில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். மனைவி தினமும் அவளோடு பேசுவாள். நான் ஆறு வருஷமாகப் பேசவில்லை, பேத்தியின் பெயரையும் வாயால் சொன்னதில்லை. வகுப்பு முடிந்து வந்து மூக்குக் கதையைச் சொன்னதும், மனைவி போனை என்னிடம் நீட்டினாள்.

“அவ இருக்கிற ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவாங்கன்னு கேளுங்களேன். சும்மா, வார்த்தைதானே?”

அவள் தந்திரம் புரிந்தும் வாங்கிக்கொண்டேன். எடுத்தது ஒரு குழந்தைக் குரல். யார் என்று கேட்டது. தாத்தா என்றேன்.

“பெலோ குட்ஷ்வானே தாத்தாவா?”

“ஏய், சும்மா இரு!” என்று மகள் பதறிப் போனைப் பிடுங்குவது கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு மகளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “அப்படின்னா என்ன?”

அவள் வகுப்பில் சொல்வதுபோல ஆரம்பித்தாள். “இங்க பேசறது செட்ஸ்வானாப்பா, ஆப்பிரிக்காவோட பாண்டு மொழிகள்ல ஒண்ணு. பெலோன்னா இதயம். பொறுமையை பெலோதெலெலேன்னு சொல்லுவாங்க, நீள இதயம். குட்ஷ்வானேன்னா...”

“குட்டை” என்றேன் நான்.

“அந்தத் தாத்தா ஏன் நம்மகூடப் பேசறதில்லைன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. கெட்டவர்னு சொல்ல எனக்கு மனசு வரலப்பா. இதயம் கொஞ்சம் குட்டைன்னு சொன்னேன். அவ அதையே பேரா வெச்சுட்டா.”

கடல் தாண்டி ஓர் ஊரில், நான் கேள்விப்படாத ஒரு மொழியில், எனக்கு ஒரு பெயர் இத்தனை நாளாக வழங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மூக்கு என்றால்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இதயம் என்கிறார்களே! வழக்கம்போல மூக்கு சூடேறும் என்று காத்திருந்தேன், ஏறவில்லை. என்னைக் கேட்காமல் பெயர் வைத்தார்கள் என்று கத்தியவன் நான். இதையும் என்னைக் கேட்காமல்தான் வைத்திருந்தாள். ஆனால் பொருத்தமாக வைத்திருந்தாள்.

“அவகிட்ட குடும்மா” என்றேன்.

குழந்தை மறுபடியும் அதையே கேட்டது. “ஆமா, அந்தத் தாத்தாதான்” என்றேன். பிறகு, அன்றைக்கு அரிசியில் எழுதிய பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன்.