மேல் தட்டும் வலது தோளும்

கண்டியில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளனாக இருக்கிறேன். ஒரு காலை மேல் தட்டிலிருந்து துணி ரோல் ஒன்றை இழுத்தபோது வலது தோளுக்குள் சுரீரென்றது. ரோல் நழுவித் தரையில் விழுந்தது. வாடிக்கையாளர் முன் துணி விழுவது எங்கள் தொழிலில் மானக்கேடு. சிரித்துச் சமாளித்தேன்.

சில நாட்களிலேயே சட்டை மாட்ட மனைவி துணைக்கு வரவேண்டியிருந்தது. டாக்டர் கையைப் பக்கவாட்டில் உயர்த்தச் சொன்னார். பாதி வழியில் நின்றுவிட்டது. பர்சைடிஸ் (எலும்பும் தசைநாரும் உரசாமல் காக்கும் சிறு நீர்ப்பையின் அழற்சி) என்றார். மருந்தோடு பிசியோதெரப்பியும் (உடற்பயிற்சி வழிச் சிகிச்சை) எழுதினார். எனக்கு எரிச்சலாக வந்தது. தீபாவளி நெருங்குகிறது. கை தூக்க முடியாதவனைக் கடையில் எதற்கு வைத்திருப்பார்கள்?

பிசியோதெரப்பிஸ்ட் யாழ்ப்பாணத்துப் பெண். குனிந்து நின்று, வலக்கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டப் பழக்கினார். தோளுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றார். வலி இரவில் குறையும், மறுநாள் மத்தியானம் பழையபடி ஏறும். இப்படியே போனால் கை வீணாகிவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

"அண்ணா, உண்மையச் சொல்லுங்கோ. காலமை என்ன செய்யிறனீங்கள்?"

காலையில் கடையில் செய்வதை அந்தப் பிசியோதெரப்பிஸ்டிடம் சொல்லவேண்டியதாயிற்று. எங்கள் முதலாளி முஸ்லிம். முதல் வியாபாரத்துக்கு நான்தான் துணி இறக்க வேண்டும் என்பார். "ஒங்கட கையில பரகத் இரிக்கி, செல்வம்." பரகத் என்றால் இறையருளால் வரும் பெருக்கம். விலை கூடிய துணியெல்லாம் மேல் தட்டில். காலையில் ஒரு தடவைதானே என்று இறக்கிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஒரு தடவைதான் வீக்கத்தை வத்த விடாமல் வைச்சிருக்குது. அவரிட்டச் சொல்லுங்கோ."

கைராசி போனால் வேலையும் போகும். மறுநாள் கடை திறந்ததும் நேராக அவரிடம் போனேன்.

"முதலாளி, கை ஒசர மாட்டேங்குது. மேல் தட்டு இப்போதைக்கு என்னால முடியாதுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ரோல்களைத் தானே இறக்கி இடுப்பளவுத் தட்டில் அடுக்கினார்.

"பரகத் கையிலதானே, தட்டுலயா இரிக்கி? இத மொதல்லயே செல்லியிருந்தா என்ன?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்களுக்கும் இந்த வலி என்றால் ஒன்று சொல்வேன். பயிற்சிகளைச் செய்யுங்கள், அவற்றைக் கெடுக்கும் அந்த ஓர் அசைவை மட்டும் மறைக்காதீர்கள். தீபாவளி கீழ்த் தட்டிலேயே ஓடியது. சுவரில் விரல்களை ஊரவிட்டு மேலேற்றும் பயிற்சி அதற்குப் பிறகுதான் வந்தது. விரல்கள் நேற்றைய இடத்தைத் தாண்டாத நாட்களும் இருந்தன.

மேலே தூக்கலாம் என்று அனுமதி கிடைத்த பின், பொங்கலுக்குத் துணி எடுக்க வந்த ஒரு பெண் மேல் தட்டைக் காட்டினார். கை எழுந்தது. வலி வரும் இடத்தில் நானாகவே நின்றுவிட்டேன். வலி வரவில்லை.

"என்னாண்ணே, வெல ரொம்ப கூடவா?"

"இல்லீங்க, கொஞ்சம் இருங்க."

துணியை இறக்கிக் கொடுத்தேன். இன்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கை ஒரு கணம் நிற்கிறது. நான் அதை அவசரப்படுத்துவதில்லை.