நனையாத பேப்பர்

கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு இன்ஜின் பழுதுபார்க்கும் அந்த மெக்கானிக்கின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. நரைத்த தாடி, விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். எந்தத் தண்ணீர்க் குழாயை மாட்டினாலும் அடியில் பழைய பேப்பரை விரித்து, இன்ஜினை ஓடவிட்டு, ஈரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் என் கம்ப்யூட்டர் சூடேறி அடிக்கடி நின்றுபோனது. தண்ணீரால் குளிரவைக்கும் செட்டை ரெடிமேடாக வாங்கக் கையில் காசில்லை. மீன்தொட்டி மோட்டாரை வைத்து நானே செய்துகொள்ளலாம் என்று அவரிடம் குழாய் கேட்கப் போனேன்.

"கொஞ்சம் பொறுத்து ரெடிமேடே வாங்கிருங்க. செஞ்சுதான் ஆகணும்னா, மொதல்ல வெளிய வச்சு, பேப்பர விரிச்சு, ஒருநாள் பூரா ஓடவிட்டுப் பாருங்க" என்றார். குழாயை அவரே அளந்து வெட்டிக் கொடுத்தார்.

எனக்கு அவசரம். நேராகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே மாட்டினேன். மறுநாளே ஒழுகி, மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் போயின. ஒரு பெண்ணின் கல்யாணம் முழுக்க அதில்தான் இருந்தது.

பிறகொரு நாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர், "பேப்பர் நனஞ்சுச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

"அப்ப நல்லா மாட்டிருக்கீங்க" என்று, தானே மாட்டியதுபோல் சந்தோஷப்பட்டார்.

அந்தக் கல்யாண வீட்டாரிடம்கூட உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நான் பேப்பரே விரிக்கவில்லை என்று இவரிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.