கண்ணாடியில் பதினொரு வட்டங்கள்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மீன்தொட்டியில் களை எண்ணியது. லிப்ட் மெக்கானிக்காக ஓய்வு பெற்றவர், கூடத்தில் சின்னதாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். அதில் பவளங்களுக்கு நடுவே, பவளத்தைக் கொட்டிச் சாகடிக்கும் பூப்போன்ற உயிர்கள் முளைத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக வெளிக்கண்ணாடியில் மார்க்கரால் வட்டம் போட்டார். மொத்தம் பதினொன்று.

"பிளேடால சுரண்டிடறேன்ப்பா."

"இன்ஜினியரம்மா, கைய எடுங்க! நசுக்கினா துண்டுக்கு ஒண்ணா முளைக்கும். மருந்தும் வேணாம். இதத் தின்ற இறால் இருக்கு, கடையில சொல்லி வெச்சிருக்கேன். வியாழக்கிழமை போய் வாங்கிட்டு வரேன்."

புதன்கிழமை மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அதன்பிறகும் காலை எட்டு மணிக்கு அவர் வைத்த டைமர் 'டிக்' என்று தொட்டி விளக்கைப் போட்டது. அப்பா எழுந்துவிட்டார் என்று தினமும் ஒரு கணம் நம்பினாள். ஒருநாள், அவருக்குப் பிடித்த பவளம் ஓரத்தில் வெளுத்திருந்தது. பொறுக்காமல் பிளேடை எடுத்து ஐந்தாம் வட்டத்தில் இருந்ததைச் சுரண்டினாள். இரண்டு வாரத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஏழு முளைத்தன.

"சொன்னேன்ல?" என்று முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது.

அப்போது அவருடைய போன் அடித்தது.

"சார், உங்க இறால் மூணும் இன்னும் இங்கதான் இருக்கு. எங்க, ஆளையே காணோம்?"

"அவர் பொண்ணு பேசறேன்," என்றாள். போனைக் காதில் வைத்தபடியே வாசல் பக்கம் திரும்பினாள்.

வியாழக்கிழமைக்கென்று அவர் கழுவிக் கவிழ்த்த வாளி, வாசல் கதவோரம் அப்படியே இருந்தது.