கரிச்சானுக்குப் பூசிய பவுடர்

என் ஸ்டுடியோ வாசலில் ஒரு பழைய மருந்துக்கடைக் காலண்டர் தொங்குகிறது. தேதித்தாள்களைக் கிழித்து முடித்தாயிற்று, படம் மட்டும்தான் மிச்சம். மழை சொட்டும் கிளையில் ஒரு கரிச்சான் குருவி, கன்னங்கரேலென்று. கிட்டப்போய்ப் பார்த்தால் அந்தக் கருப்புக்குள் நீலம் மினுங்கும்.

அந்தப் படத்தை எடுத்தவர், மேலகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த அக்கா. ஞாயிறானால் கடையைப் பூட்டிவிட்டுக் கேமராவோடு குற்றாலத்து மலையடிவாரத்தில் போய் நின்றுவிடுவார். நான் அப்போது தென்காசி ஸ்டுடியோ ஒன்றில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். படத்தைத் திறந்ததும் முகத்தை வெளுப்பாக்குவதுதான் எங்கள் வேலைக்குப் பிள்ளையார் சுழி. என் சொந்தக் கல்யாண ஆல்பத்திலேயே என்னை வெளுத்து வைத்திருந்தேன். என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "யாருட்டி இது?" என்று கேட்டார்.

காலண்டருக்காக அக்கா அந்தப் படத்தைக் கொண்டுவந்தபோதும் கை பழகிய வேலையைக் காட்டிவிட்டது. குருவி சாம்பல் நிறமாகிவிட்டது. மாதிரி அச்சைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்டுடியோவே திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி, கரிச்சானுக்கும் பவுடர் போட்டுட்டியா? அந்தக் கருப்பை எடுக்கத்தாம்ட்டி மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னேன்!"

வெட்கம் பிடுங்கித் தின்றது. அசல் படத்தை மறுபடி திறந்தேன். நான் அழித்த நீலம் அங்கே பத்திரமாக இருந்தது. அதன்பிறகு அக்காவின் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே எனக்குப் பித்தாகிவிட்டது. நல்ல வெளிச்சம் வரும்வரை காத்திருப்பாரே தவிர, எந்த உயிரின் நிறத்தையும் மாற்றமாட்டார். எனக்கும் அப்படி ஒரு படமாவது செய்துவிட வேண்டும் என்றிருந்தது.

அடுத்த சாரல் சமயத்தில் சுரண்டைப் பெண் ஒருத்தியின் கல்யாணப் படங்கள் வந்தன. ஒன்றில் அருவித் திவலையில் நனைந்து, அடக்கமாட்டாமல் சிரிக்கிறாள். நல்ல கருப்பு. கன்னத்தில் ஈரமும் வெயிலும் சேர்ந்து மின்னின. நான் நிறத்தைத் தொடவே இல்லை.

முதலாளி அண்ணாச்சி பார்த்துவிட்டுக் கத்தினார். "என்ன இப்படி விட்டு வச்சிருக்க? பொண்ணு வீட்ல ஆல்பத்தை மூஞ்சியில எறிவாங்க. வெளுப்பாக்கு!"

அதுவரை அவர் முன் "சரி அண்ணாச்சி" தவிர வேறு சொல் என் வாயில் வந்ததில்லை.

"மாட்டேன் அண்ணாச்சி. அந்தப் பிள்ளை வேண்டாம்னு சொல்லிட்டா, நாளைக்கு நான் வேலைக்கு வரல."

"சொன்ன சொல் மாறக்கூடாது" என்றார்.

பெண் அம்மாவோடு வந்தாள். அந்தப் பக்கத்தைத் திருப்பியவள் ஆல்பத்தைச் சட்டென்று மேசையில் வைத்தாள். வேலை போயிற்று என்று நான் பையைத் தேடினேன்.

"எம்மா, இங்கன வந்து பாரேன்! நான்தாம்மா இது! நானேதான்!"

அதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல், "பெருசாவே போட்டுக் குடு" என்றார். எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. குதித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா இப்போது மகனோடு கோவையில் இருக்கிறார். நானும் படமெடுக்கப் பழகி, சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். உள்ளது உள்ளபடி எடுக்கிறவள் என்று வடகரையிலிருந்தெல்லாம் தேடி வருகிறார்கள். போன வாரம் வந்த கல்யாணப்பெண் மட்டும், "அக்கா, கொஞ்சம் வெளுப்பா..." என்று இழுத்தாள். வாசலில் தொங்கும் கரிச்சானைக் காட்டினேன். கிட்டப்போய்ப் பார்த்தாள்.

"இதுக்குள்ள நீலம் இருக்கே!"

"இருக்குல்லா? போ, பவுடரைத் துடைச்சுட்டு வந்து உக்காரு" என்றேன்.