பத்து நிமிஷக்காரர்

முதலில் அந்த ஒரு வரியைத்தான் தட்டுவார். “இன்னும் பத்து நிமிடத்தில் நீயாகவே அணைந்து எழுந்திரு” என்று வெளியூர்க் கிளை அலுவலகத்தை நெட்வொர்க்கோடு இணைக்கும் ரவுட்டருக்கு இடும் கட்டளை அது. அதற்குப் பிறகே அதன் அமைப்புகளில் கை வைப்பார். கை தவறி இணைப்பு அறுந்தாலும் பயமில்லை. பத்தாவது நிமிடம் ரவுட்டர் பழைய நிலையில் விழித்துக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் ஒன்பதாவது நிமிடத்தில் கட்டளையை ரத்து செய்துவிடுவார். நேரம் பார்க்க மேசையில் ஒரு சமையலறைக் கடிகாரம், திருகிவிட்டால் ஓடி மணியடிக்கும் வகை. வீட்டில் அவர் மனைவி அதை மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் உட்கார்ந்த கிளையையே வெட்டிக்கொண்டவர் அவர். எந்த இணைப்பின் வழியாக ரவுட்டரோடு பேசிக்கொண்டிருந்தாரோ அதையே ஒரு தப்பு வரியால் துண்டித்துவிட்டார். பதினோரு மணி நேரம் பஸ்ஸில் போய், இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டுத் திரும்பினார். அன்றிலிருந்து எதற்கும் பத்து நிமிடம்தான். சட்டை எடுக்கப் போனாலும் கடை வாசலில் பத்து நிமிடம் நிற்பார். “நான் கோவிச்சுக்கணும்னாகூட இவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடணும்” என்பார் மனைவி.

இன்று காலை அதே பத்து நிமிடத்தை மகளிடமும் கேட்டார். கடல் கடந்து ஒரு வேலை வந்திருக்கிறது, மாலை ஐந்துக்குள் பதில் எழுத வேண்டும். அப்பா சரியென்று சொல்லாமல் எழுதமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். “பத்து நிமிஷம் இரு கண்ணு” என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தவர்தான். இப்போது மணி நாலு. அவளிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு.

எதிரே திரையில் அதே பதினோரு மணி நேரத்து ஊரின் ரவுட்டர். எல்லா ரவுட்டர்களையும் தனித்து இயங்கும் நிலையிலிருந்து தலைமையகம் நேரடியாக நடத்தும் நிலைக்கு மாற்றச் சொல்லி உத்தரவு. மற்றவர்கள் மாற்றி முடித்துவிட்டார்கள். இவர் பங்குக்கு மிச்சம் இது ஒன்று. இதில் பத்து நிமிட வித்தை பலிக்காது. நிலை மாறும்போதே பழைய அமைப்பு முழுக்க அழிந்துபோகும். வேறு வழி உண்டா என்று ஒரு வாரம் துருவித் துருவிப் பார்த்தார், இல்லை.

கமாண்டைத் தட்டி, வழக்கம்போல முடிவில் ஒரு கேள்விக்குறி போட்டார். அப்படிப் போட்டால் அடுத்து என்னென்ன சொல்லலாம் என்று ரவுட்டர் பட்டியல் காட்டும். அதைப் படிப்பதில் அவருக்குத் தீராத ருசி. இந்த முறை பட்டியலே இல்லை. என்டர் மட்டும்தான் பாக்கி என்றது.

பக்கத்து மேசை அம்மாள் எட்டிப் பார்த்தார். “அது சொல்ல வேண்டியதைச் சொல்லிடுச்சு சார். நீங்கதான் சொல்லணும்.”

என்டரைத் தட்டினார். அழிக்கலாமா என்று ரவுட்டர் ஒருமுறை கேட்டது, ஆமென்றார். திரை அப்படியே உறைந்தது. கை தானாகக் கடிகாரத்துக்குப் போய், திருகாமல் போனை எடுத்தது.

“சரின்னு எழுதிடு கண்ணு.”

“யோசிச்சுட்டீங்களாப்பா?”

“இல்லம்மா.”

திரை இன்னும் விழிக்கவில்லை. அவர் அதைப் பார்க்கவுமில்லை. கடிகாரத்தைத் துணியால் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.