பின்பக்கப் படிக்கட்டில் ஒரு அரட்டைக் கச்சேரி

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சலவைக்கடை நடத்தியவளுக்கு எல்லாரும் வைத்த பெயர் ‘வானொலி’. மூன்றாம் மாடியில் யாராவது தும்மினால், அவர் என்ன மருந்து சாப்பிட்டார் என்பது வரை அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் துவைக்க வரும் சட்டைப் பைகளில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உறைகள் வர ஆரம்பித்தன. உள்ளே போதை மாத்திரை. பத்து நாளில் ஏழு சட்டைகள். ஏழாவது சட்டை அவள் கொழுந்தனுடையது. வானொலி அந்த உறையை அவன் முன்னால் வைத்தாள்.

“எங்க வாங்குற?”

“பின்பக்கப் படிக்கட்டுல, அண்ணி.” அவன் நிமிரவில்லை.

அங்கே தினமும் சாயங்காலம் சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். போலீஸ் இரண்டு தடவை வந்து சோதித்தும் அவனிடம் ஒன்றும் சிக்கவில்லை.

வானொலி ஆள் திரட்டினாள். தையல்காரி, ரிட்டயர்டு நர்ஸ், லிஃப்ட் மெக்கானிக் என்று பதினோரு பேர் சேர்ந்தார்கள்.

“நாங்க என்ன செய்யணும்?” என்றாள் நர்ஸ்.

“வம்பளக்கத் தெரியுமில்ல? அது போதும். யாரும் தனியா மட்டும் போகக் கூடாது.”

மறுநாள் பதினோரு மடக்கு நாற்காலிகள் படிக்கட்டைச் சுற்றி வளைத்தன.

“இங்க என்ன கூட்டம்?” என்று முறைத்தான் தொப்பிக்காரன்.

“காத்து வாங்க வந்தோம் தம்பி. உனக்குக் கல்யாணம் ஆச்சா? ஆகலையா? ஏன்?”

மாத்திரை வாங்க வந்தவர்களையும் விடவில்லை. “அட, நீ நாலாவது மாடிப் பொண்ணுதானே? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?” வந்த வேகத்தில் அவள் திரும்பிப் போனாள். மூன்றாம் நாள் தையல்காரி தொப்பிக்காரனுக்கு ஒரு வரன் கொண்டுவந்தாள். ஐந்தாம் நாள் நர்ஸ் அவன் கையைப் பிடித்து பிரஷர் பார்த்துவிட்டு, “நூத்தி அறுபது! உப்பைக் குறைப்பா” என்றாள். ஒன்பதாம் நாள் அவன் வரவில்லை.

கொழுந்தனை மட்டும் அரட்டையால் துரத்த முடியாதே. வானொலி அவனைப் போதை மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துப்போனாள். இரண்டு தடவை பின்வாசல் வழியாக ஓடினான். மூன்றாம் தடவை பின்வாசலிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். நடுவில் ஒருமுறை மறுபடி மாத்திரைப் பக்கம் சறுக்கினான். திட்டாமல் திரும்பக் கூட்டிப்போனாள். நான்கு மாதத்தில் வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

அதற்குள் தொப்பிக்காரன் அடுத்த தெருவில் கடை விரித்திருந்தான். அந்தத் தெருப் பெண்கள் மூன்று பேர் சலவைக்கடைக்கு வந்து கையைப் பிசைந்தபடி நின்றார்கள்.

“அக்கா, எங்களுக்கு அவ்வளவாப் பேச வராது...”

“அப்படியா?” வானொலி இஸ்திரிப்பெட்டியை அணைத்தாள். “உங்க தெருவுல யாருக்கு யாரோட சண்டை, முதல்ல அதைச் சொல்லுங்க.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.