அம்மாவின் நாவல்களை அப்பா படித்தபோது

மழைக்காலத்தில் அம்மாவின் நாவல்கள் உப்பிவிடும். போர்ட் பிளேரில் வருடத்தில் பாதி மழைதான். டெய்ரி ஃபார்ம் பகுதியின் சரிவில் இருக்கும் எங்கள் வீட்டில் ஜாடிக்குள் இருக்கும் உப்பே கசிந்து நிற்கும், காகிதம் எப்படித் தாங்கும்? துப்பறியும் கதை, சரித்திரக் கதை, பேய்க்கதை, குடும்பக் கதை எல்லாம் ஒன்றுபோல ஈரம் குடித்துப் பருத்து, அட்டை வளைந்து கிடக்கும். வெயில் தலைகாட்டியதும் அம்மா அவற்றைத் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் விரித்து வைப்பாள். தூத்துக்குடியில் இருக்கும் என் தங்கையின் முதல் பிரசவத்துக்காகக் கப்பல் ஏறிய அன்று, அப்பாவிடம் அவள் சொன்னது ஒன்றுதான். "வெயில் அடிச்சா புஸ்தகத்த வெளிய போடுங்க. மறந்துராதிய."

அப்பா அதுவரை ஒரு நாவலும் படித்ததில்லை. பாராடாங் தீவில் லாரியையும் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு கால்வாயைக் கடக்கும் படகில் என்ஜின் பார்த்தவர். வேலைக்காலம் முழுக்க அங்கே ஒரு குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, விடுமுறை கிடைத்தால் மட்டும் போர்ட் பிளேருக்கு வருவார். ஓய்வு பெற்று ஒரேயடியாக வீட்டுக்கு வந்தபின் அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சு அதிகம் இல்லை. சண்டையும் கிடையாது. ஒரே கேபினில் பயணம் செய்யும் இரண்டு மரியாதையான பயணிகளைப்போல இருந்தார்கள். அம்மா ஊருக்குப் போனதும் தினமும் சாயங்காலம் தொலைபேசியில் பேசுவார். என்ஜின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் ஸ்பீக்கரில்தான் போடுவார். அதனால் அலுவலகம் விட்டு வந்து டீ போட்டுக்கொண்டிருக்கும் என் காதிலும் எல்லாம் விழும். சாப்பாடு ஆச்சா, மழை உண்டா, பிள்ளை பால் குடிக்கிறதா. அதோடு பேச்சு தீர்ந்துவிடும். இரண்டு பக்கமும் வெறும் இரைச்சல் கேட்கும்.

புத்தகங்களைக் காயவைத்தால் போதாது, காவலும் இருக்கவேண்டும். எங்கள் தீவில் வெயிலை நம்ப முடியாது. அப்படிக் காவல் இருந்த ஒரு நாளில்தான் அப்பா கையில் கிடைத்த துப்பறியும் நாவலைப் புரட்டியிருக்கிறார். சாயங்காலம் எடுத்த எடுப்பில், "அந்த வக்கீலுதான் கொன்னிருக்கான், கவனிச்சியா?" என்றார். மறுமுனையில் அம்மாவுக்கு யார் வக்கீல், யார் செத்தது என்று பிடிபடவே சிறிது நேரமானது. பிறகு சிரித்தாள். "நான் கடைசிப் பக்கத்தத்தான் முதல்ல படிப்பேன். யாரு கொன்னான்னு தெரிஞ்சாத்தான் மத்தவங்க எதுக்குப் பொய் சொல்லுதாங்கன்னு நிம்மதியாப் பாக்கலாம்." அப்பாவுக்கு இது பெரிய மோசடியாகப் பட்டது. அன்றைக்கு இருவரும் டீ ஆறும்வரை வாதாடினார்கள்.

அதன்பின் அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். சரித்திர நாவல் அவருக்கு ஒத்துவரவில்லை. "ராஜாவுக்கு வேலையே கிடையாதா? எப்பப் பாத்தாலும் குதிரையில ஏறிப் போறான், வரி வசூல் பண்றது யாரு?" என்று கேட்டார். அம்மாவோ, தடியான புத்தகமாக இருப்பதே அதன் அழகு, ஒரு மழைக்காலம் முழுக்கத் துணைக்கு வரும் என்றாள். இந்த விஷயத்தில் நான் அப்பா பக்கம். பேய்க்கதையை நல்ல வெயிலில், பின்கதவைச் சாத்திவிட்டுப் படித்தார். கடல் பயணக் கதை ஒன்று இருந்தது. அதில் கப்பல் ஓடும் விதம் எனக்கே சிரிப்பாக இருக்கும். அப்பா பிய்த்து எறிவார் என்று ஆவலாகக் காத்திருந்தேன். அவரோ சொக்கிப்போனார். "அப்படி ஒரு ஜகாஜ் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்றார், கப்பலை ஹிந்தியில் ஜகாஜ் என்றே சொல்லிப் பழகியவர். தெரிந்த விஷயத்தில் ஒருவர் இவ்வளவு தாராளமாக இருக்க முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. நான் கல்லூரியில் இலக்கியம் படித்தவள். நாவல் என்றால் எதைக் கேட்கவேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்று ஒரு பழக்கம் எனக்கு உண்டு. அப்பாவுக்கு அது இல்லை. அவர் அடுத்து என்ன கேட்பார் என்று தெரிந்துகொள்ளவே நான் அலுவலகத்திலிருந்து நேராக வீட்டுக்கு வரத் தொடங்கினேன்.

காதல் நாவல் முடித்த அன்று அவர் கொஞ்சம் எரிச்சலாக இருந்தார். "கல்யாணத்தோட முடிச்சுட்டான். அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"

மறுமுனையில் பிள்ளை சிணுங்கியது. அம்மா அதைத் தட்டிக்கொடுப்பது கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னாள். "அதுக்கப்புறம் அவன் பாராடாங் போயிட்டான்."

அப்பா சிரிக்கவில்லை. தொலைபேசியை வைத்தபின்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம்தான் தங்கை என்னிடம் தனியாகச் சொன்னாள், இனி தூத்துக்குடியிலேயே இருந்துவிடும்படி அம்மாவைத் தான் கேட்டிருப்பதாகவும், அம்மா முடியாது என்று சொல்லவில்லை என்றும். அதை நான் அப்பாவிடம் மறைக்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய், அம்மா அதிகம் புரட்டிய குடும்ப நாவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். "உங்க அம்மா இப்படித்தான் இருந்தாளா?" என்று கேட்டார். வீட்டில் நாங்கள் பார்த்ததெல்லாம் புத்தகத்தின் பின்னால் இருந்த அவளுடைய நெற்றியைத்தான்.

சாயங்காலம் அம்மாவிடம் தன் கருத்தைச் சொன்னார். "நல்லா எழுதியிருக்கான். அவ கஷ்டம் புரியுது. ஆனா ஒண்ணு விட்டுட்டான். அந்த ஊர்ல அவன் தனியா என்ன செஞ்சான்னு ஒரு அத்தியாயமாவது எழுதியிருக்கணும்லா?"

"அத நீங்கதான் சொல்லணும்," என்றாள் அம்மா. "சொல்லுங்க, கேக்கேன்."

அப்பா சொன்னார். முதலில் தடுமாறி, பிறகு தொடர்ந்து. குவார்ட்டர்ஸ் கூரையில் மழை, தெலுங்குக்காரக் கூட்டாளியின் சமையலில் இருந்த காரம், அம்மா வைப்பதுபோல மீன் குழம்பு வைத்துப் பார்த்து ஒருமுறையும் சரியாக வராதது. ஒரு நாயைப் பற்றியும் சொன்னார். தினமும் முதல் படகில் அக்கரையிலிருந்து தனியாக ஏறி வரும், பாராடாங்கில் இறங்கிப் போகும், சாயங்காலம் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. எங்கே போகிறது என்று பார்க்க ஒருநாள் அதன் பின்னாலேயே போனாராம். அந்த இடத்தில் லைன் அறுந்துபோனது. மழை கொட்டியதால் இரண்டு நாள் பேசவே முடியவில்லை. மறுபடி கிடைத்தபோது அப்பா விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கப் போனார். "போன்ல வேண்டாம்," என்றாள் அம்மா. "நான் அடுத்த கப்பல்ல வாரேன். நேர்ல சொல்லுங்க."

அப்பாவும் நானும் துறைமுகத்துக்குப் போனோம். கப்பல் படியில் இறங்கி வந்த அம்மா பையை அவரிடம் நீட்டியபடியே, "நாய் எங்க போச்சு?" என்றாள். ஆட்டோவில் நான் முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டேன். பின்னால் அப்பா காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில் ஆரம்பித்தார். நாய் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறது. மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு மிஞ்சும் சோற்றுக்கு. அது சாப்பிடும்வரை வேடிக்கை பார்த்ததில், லீவில் வீட்டுக்கு வர அவர் ஏறவேண்டிய போர்ட் பிளேர் பஸ் போய்விட்டது.

"லீவு கேன்சல்னு ஆள்விட்டுச் சொன்னிய. அந்த வாரமா?"

"அந்த வாரம்தான்."

அம்மா வெளியே பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று திரும்பினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா தெம்பாகி அடுத்த கதைக்குப் போய்விட்டார்.

வங்காளி ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. ஏதோ சுவாரஸ்யமாக ஓடுகிறது என்று மட்டும் தெரிந்திருக்கவேண்டும். என்ன கதை என்று ஹிந்தியில் கேட்டார். நாவல், என்றாள் அம்மா. எப்படி இருக்கிறது என்றார் அவர். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்ப நீளம் என்று அவளும் ஹிந்தியிலேயே சொன்னாள்.

"இன்னும் பாதிகூட வரல," என்றார் அப்பா.